கொழுப்பும் பழியும்

ஒருவருக்குக் கல்லீரல் நோய் என்று கேள்விப்பட்டதும் நம் மக்கள் கேட்கும் முதற் கேள்வி, "எவ்வளவு காலமாகக் குடிக்கிறார்?" என்பதே. வலி உண்டா, மருத்துவர் என்ன சொன்னார் என்பனவெல்லாம் அதற்குப் பின்னரே வரும். எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கத்தில் இந்தக் கேள்வி இன்னும் விரைந்து வரும். காரணம் எளிது. சித்தூர் வட்டம் தென்னந்தோப்புகள் நிறைந்த நாடு. கேரளத்தின் பல மாவட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளுக்கு இங்கிருந்துதான் கள் போகிறது. கள் இறக்கும் ஊரில் கல்லீரல் கெட்டால், பழி கள்ளின்மேல் விழுவது இயல்புதானே?

ஆனால், கள்ளை மோந்தும் பாராதவர்களின் கையில் இன்று "கொழுப்புக் கல்லீரல்" என்று எழுதிய அறிக்கைகள் இருக்கின்றன. என் உறவில் பெரியம்மா முறையாகும் ஒருவர் வயிற்று வலிக்கென்று ஸ்கேன் எடுக்கப் போனார். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. விளக்கம் மலையாளத்தில் கிடைத்தது. அவர் சிந்திப்பதோ தமிழில். மூன்று மொழிகளுக்கிடையே செய்தி நழுவிற்று. "கல்லீரல்" என்ற ஒரு சொல் மட்டும் அவர் மனத்தில் நின்றது. அறிக்கையைப் புடவை மடிப்புக்குள் ஒளித்து வைத்தார். மறுமுறை வரச் சொன்ன நாளில் போகவில்லை. "இந்த வயசிலே என்னையும் குடிகாரின்னு சொல்லுவாங்களே, கண்ணு" என்பதே அவர் எனக்குச் சொன்ன காரணம். ஓராண்டு வீணாயிற்று. அதற்குள் சர்க்கரை நோயும் தலைகாட்டிவிட்டது.

இந்த நோயாளிகள்மீது இரண்டு பழிகள் சுமத்தப்படுகின்றன. ஒன்று குடிப்பழி. அது பொய் என்று தெரிந்ததும் வருவது தீனிப்பழி: "தின்று கொழுத்தார், அனுபவிக்கிறார்" என்பது. இரண்டும் அறியாமையின் பிள்ளைகள் என்பது என் கருத்து. இரண்டும் நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்கவே பயன்படுகின்றன. கற்றவர் எனப்படும் நாமே இவற்றை நம் விடுதிகளில் கேலியாகப் பேசி வளர்க்கிறோம். ஆதலின் இந்த நோயின் உண்மை வரலாற்றை மாணவர் மன்றத்தின் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் குடிப்பழியைப் பார்ப்போம். 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லுட்விக் என்பாரும் அவர்தம் துணைவரும் 20 நோயாளிகளின் கல்லீரல் திசுவை உருப்பெருக்கியில் ஆராய்ந்தனர். கொழுப்புத் துளிகள், வீக்கம், தழும்பு ஆகிய அனைத்தும் மதுவால் கெட்ட கல்லீரலைப் போலவே இருந்தன. ஆனால் அந்த நோயாளிகள் மதுவுக்கு அடிமையானவர் அல்லர். பெரும்பாலோர் உடல் பருத்தவர்கள். அந்நாள்வரை பெயரே இல்லாதிருந்த அந்த நோய்க்கு "மதுசாராத கல்லீரல் அழற்சி" என்ற பொருள்பட லுட்விக் பெயரிட்டார். குடிக்காதவருக்கும் குடிகாரரின் கல்லீரல் வாய்க்கலாம் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது. எனினும் பெயருக்குள் மது ஒட்டிக்கொண்டே இருந்தது. 2023இல்தான் உலகின் கல்லீரல் வல்லுநர் சங்கங்கள் ஒன்றுகூடி அச்சொல்லை நீக்கி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு இணைத்துப் புதுப்பெயர் வைத்தன. பெயரிலிருந்து மது போவதற்கு 43 ஆண்டுகள் ஆயின. நம் ஊர்த் திண்ணைகளிலிருந்து போக இன்னும் எத்தனை ஆண்டுகளோ!

இதனால் கள்ளும் சாராயமும் கல்லீரலுக்குத் தீங்கற்றவை என்று எவரும் கொள்ள வேண்டா. மது கல்லீரலைக் கெடுப்பது மறுக்கவொண்ணாத உண்மை. பருத்த உடலும் மதுவும் ஒன்றுசேர்ந்தால் கேடு இன்னும் விரையும். நான் மறுப்பது ஒன்றைத்தான்: கல்லீரல் நோய் என்றாலே குடி என்ற முடிவை.

இனித் தீனிப்பழிக்கு வருவோம். இதை அறிய வேண்டுமானால் நம் உடலின் கொழுப்புத் திசு என்ன வேலை செய்கிறது என்பதை அறிய வேண்டும்.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் நெல் சேமிக்கப் பத்தாயம் இருக்கும். வேறு பக்கத்துத் தோழர்கள் குதிர் என்பர். விளைந்த காலத்தில் நெல் உள்ளே போகும். இல்லாத காலத்தில் வெளியே வரும். கொழுப்புத் திசுவும் அத்தகைய பத்தாயமே. உண்டபின் கணையம் சுரக்கும் இன்சுலின், "உள்ளே போடு, வெளியே விடாதே" என்று அதற்கு ஆணையிடும். பட்டினி நேரத்தில் ஆணை தளரும். கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலமாக இரத்தத்தில் கலந்து தசைகளுக்கும் இதயத்துக்கும் எரிபொருளாகும். கொழுப்பைத் தனக்குரிய இடத்தில் பூட்டி வைத்து மற்ற உறுப்புகளைக் காப்பதே இத்திசுவின் தொழில். நாம் இழிவாகப் பேசும் கொழுப்புத் திசு, கல்லீரலின் காவற்காரன் என்றால் வியப்பாக இல்லையா?

அது வெறும் பையும் அன்று. 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் சுரப்புப் பொருளைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசு அதைச் சுரந்து, "சேமிப்பு போதும்" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. சிறிது காலத்துக்குள் அடிப்போனெக்டின் என்னும் இன்னொரு பொருளும் கண்டறியப்பட்டது. அது கல்லீரல் தன் கொழுப்பை எரிக்கத் துணை செய்வது. உடல் பருக்கப் பருக்க அதன் சுரப்புக் குறைகிறது என்பதுதான் துயரம்.

பத்தாயம் நிறைந்துவிட்டால் என்ன ஆகும்? கொழுப்பணுக்கள் அளவுக்கு மிஞ்சி ஊதுகின்றன. ஊதிய அணுக்களுக்குப் போதிய உயிர்வளி எட்டுவதில்லை. சில அணுக்கள் மடிகின்றன. மடிந்தவற்றை அகற்ற, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் அங்கே கூடி அழற்சியை மூட்டுகின்றன. அழற்சி கண்ட திசு இன்சுலினின் ஆணையைச் செவிமடுப்பதில்லை. உண்டபின்னும் கதவு திறந்தே கிடக்கிறது. கொழுப்பு அமிலம் இரவும் பகலும் இரத்தத்தில் வடிகிறது. வடிவதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும் உறுப்பு கல்லீரல். நூற்றுக்கு 5 கல்லீரலணுக்களுக்கு மேல் கொழுப்புத் துளிகள் தங்கினாலே அது கொழுப்புக் கல்லீரல் எனப்படும்.

இது ஊகம் அன்று. 2005இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், 9 நோயாளிகளுக்கு அடையாளமிட்ட கொழுப்பையும் பிற பொருள்களையும் கொடுத்து, கல்லீரலில் தங்கிய கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டனர். 100 பங்கில் 59 பங்கு இரத்தத்தில் மிதந்து வந்த கொழுப்பு அமிலம். அதன் பெரும்பகுதி உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து வடிந்தது. 26 பங்கு கல்லீரலே மாவுப் பொருளிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் புதிதாகச் செய்துகொண்டது. உணவுக் கொழுப்பிலிருந்து நேரே வந்தது 15 பங்கே. எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் சோற்றைக் குவித்து, தேநீரில் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் கலப்பவர் இந்தக் கணக்கைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

கொழுப்புத் திசு காவற்காரன் என்றேன். அதற்குச் சான்று வேண்டுமா? பிறவியிலேயே கொழுப்புத் திசு ஏறத்தாழ இல்லாமற் பிறப்போர் அரிதாக உளர். தோலுக்கடியில் நரம்பும் தசையும் தெரியும் மெலிந்த உடல். அவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பே இராது என்றுதானே நினைப்போம்? நேர்மாறு! மிகக் கடுமையான கொழுப்புக் கல்லீரலும் சர்க்கரை நோயும் அவர்களை வருத்துகின்றன. பத்தாயமே இல்லாத வீட்டில் நெல்லை எங்கே கொட்டுவது? சமையலறையில்தான். அவர்களுக்கு இல்லாத லெப்டினை ஊசியாக ஏற்றினால் கல்லீரற் கொழுப்புக் குறைகிறது. பத்தாயம் நிரம்பி வழிந்தாலும், பத்தாயமே இல்லாவிட்டாலும் கல்லீரலுக்குத் தீங்குதான். எவ்வளவு கொழுப்பு என்பதைவிட, அஃது எங்கே இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

எங்கே என்ற கேள்வியை முதலில் அழுத்திக் கேட்டவர் பிரான்சு நாட்டு மார்செய் நகர மருத்துவர் ஜான் வாக். 1947இலேயே அவர், இடுப்பிலும் தொடையிலும் படியும் கொழுப்பைவிட உடலின் மேற்பாதியில் படியும் கொழுப்பே சர்க்கரை நோய்க்கும் இரத்தக்குழாய் நோய்க்கும் துணைபோகிறது என்று எழுதினார். குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பின் இரத்தம் வேறெங்கும் போகாமல் கல்லீரலுக்குள்ளேயே முதலில் நுழைகிறது. ஆகவே தொந்தி என்பது கிண்டலுக்குரியதும் அன்று, செல்வத்தின் அடையாளமும் அன்று. பத்தாயம் வழிகிறது என்பதற்கு அறிகுறி.

இங்கேதான் நம் நாட்டு நிலை தனித்து நிற்கிறது. 2004இல் புனே நகரின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தம் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. பார்த்தால் இருவரும் ஒல்லியானவர்கள். ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாக்னிக்குக்கு 21.2! எடைக்கருவி ஒன்றுபோலச் சொன்ன இருவருக்குள் இத்தனை வேறுபாடு. யாக்னிக் குழுவினர் புனேயைச் சார்ந்த சிற்றூர்க் குழந்தைகளையும் இங்கிலாந்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். பிறந்தபோது நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குக் குறைந்திருந்தது தசையும் பிற உறுப்புகளும். கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தாய்க்குச் சோறு போதாத தலைமுறைகளின் சுவடு அது என்று கருதுவோர் பலர்.

மேற்கு வங்கத்துச் சிற்றூர்களில் 1,911 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான முடிவு இன்னும் கூர்மையானது. கொழுப்புக் கல்லீரல் உடையோரில் நூற்றுக்கு 75 பேருக்கு அந்த எண் 25க்கும் கீழே. 54 பேர் எடை மிகுந்தவரும் அல்லர், வயிறு பருத்தவரும் அல்லர். நகரத்தின் நிலை வேறு: சென்னையில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 541 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது.

தோழர்களே, இப்போது சொல்லுங்கள். பாட்டி பட்டினி கிடந்ததால் சிறுத்த பத்தாயத்தோடு பிறந்த பேரன், பிறரைவிடக் குறைந்த எடையிலேயே கல்லீரற் கொழுப்புக்கு ஆளாகிறான் என்றால், "தின்று கொழுத்தான்" என்ற தீர்ப்பு நீதியாகுமா? வறுமையின் எச்சத்தை வளமையின் குற்றமென்று தூற்றுவது கொடுமையன்றோ?

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டன் காலத்தில் விடியுமுன் கழனியில் இறங்கியவர் பொழுது சாய்ந்தே கரையேறினார். அந்த உழைப்புக்கு அந்தச் சோறு வேண்டியிருந்தது. இன்று உழவும் அறுவடையும் இயந்திரத்தின் கையில், இளைஞர் மோட்டார் சைக்கிளில், நாமோ நாற்காலியில். தட்டிலுள்ள சோற்றின் குவியல் மட்டும் பாட்டன் காலத்தது. மாலையானால் தேநீரும் பழம்பொரியும், இரவானால் பரோட்டா. உழைப்பு போய்விட்டது, ஊண் போகவில்லை. இது தனியொருவரின் பேராசை அன்று. வாழ்க்கை முறை மாறிய வேகத்துக்கு நம் அடுப்படி ஈடுகொடுக்கவில்லை.

பழி வேண்டா என்பதால் கவலையும் வேண்டா என்று பொருளில்லை. கல்லீரல் வாய் திறந்து முறையிடாத உறுப்பு. கொழுப்பு படிந்த பலருக்கு வாழ்நாள் முழுதும் அதற்கு மேல் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் ஒரு பகுதியினருக்கு அழற்சி தொடங்கும். அழற்சி ஆறிய இடத்தில் தழும்பு படியும். தழும்பு பெருகினால் கல்லீரல் சுருங்கி இறுகும். சிலருக்குப் புற்றுநோயும் வரும். இத்தனைக்கும் வலி இராது. மேலும், இந்நோயாளிகளின் உயிரை மிகுதியும் பறிப்பது கல்லீரல் அன்று, மாரடைப்பு முதலிய இதய நோய்களே. ஆகவே அந்த அறிக்கை கல்லீரலைப் பற்றியது மட்டும் அன்று. முழு உடலும் எழுதிய எச்சரிக்கைக் கடிதம். அதைப் புடவை மடிப்பில் ஒளித்து வைக்கலாமா?

தீர்வு உண்டா? உண்டு. எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே கல்லீரற் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். 2015இல் கியூபா நாட்டில் 293 நோயாளிகளை ஓராண்டு உணவுமுறையிலும் உடற்பயிற்சியிலும் நடத்தியதன் முடிவு வெளியாயிற்று. எடையில் நூற்றுக்கு 10 பங்கோ மேலோ குறைத்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு அழற்சி மறைந்தது. நூற்றுக்கு 45 பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. ஆனால் அவ்வளவு குறைக்க முடிந்தவர் பத்தில் ஒருவரே என்பதையும் மறைக்கக் கூடாது. "மனம் இருந்தால் போதும்" என்று மேடையில் முழங்குவோர் இதனைக் குறித்துக்கொள்ளட்டும். வீட்டாரின் துணையும், நடக்க ஏற்ற சாலையும், நல்ல உணவு வாங்கப் பணமும் இல்லாமல் மனம் மட்டும் என்ன செய்யும்?

மருந்தும் வந்திருக்கிறது. தழும்பு படிந்தவர்களுக்கென 2024இல் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்னும் மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. அதுவும் உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துத் தரப்படுவதே. வள்ளுவர் "மருந்து" என்று பெயரிட்ட அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றும் சொல்லாமல் உண்ணும் அளவையே மிகுதியும் பேசியது நினைவுக்கு வருகிறது. "கல்லீரலைக் கழுவும் பொடி" என்று விற்கப்படும் பெயர் தெரியாத சரக்குகளை மட்டும் தொட வேண்டா. கெட்ட கல்லீரலை மேலும் கெடுக்கும் பொருள்கள் அவற்றில் இருக்கக்கூடும்.

நடுவணரசு 2021இல் இந்நோயைச் சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்து வழிமுறைகளை வெளியிட்டது. வரவேற்கத் தக்க செயல். ஆனால் திட்டம் ஏட்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு இடையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருக்கலாம் என்பதே என் கருத்தின் முடிவு.

மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, ஆண்டுதோறும் நடக்கும் மாணவர் உடற்சோதனையில் உயரத்தோடும் எடையோடும் இடுப்பளவும் எடுக்கச் செய்வோம். இதற்கு வேண்டியது தையற்காரரின் நாடா ஒன்றே. கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் நாட்டவருள் ஆடவருக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், மகளிருக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்தால் மருத்துவரைக் காணவேண்டும். எடை எண்ணிலும் நமக்கு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. 25 வரை காத்திருக்க வேண்டா. ஒல்லியாக இருப்பவரும், வீட்டில் சர்க்கரை நோய் இருந்தால், இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, விடுமுறையில் ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரின் மருத்துவ அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படித்துத் தமிழில் விளக்குவோம். நல்லேப்பிள்ளியிலும், கொழிஞ்சாம்பாறையிலும், இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ் மட்டும் அறிந்த முதியோர் பலர் உளர். அவர்கள் கையில் ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை இருக்குமானால், அதன் முதல் வரி "இது குடியால் மட்டும் வரும் நோய் அன்று" என்று இருக்குமானால், எத்தனை அறிக்கைகள் ஒளிவிடத்திலிருந்து வெளியே வரும்! அந்தப் பக்கத்தை எழுத மருத்துவம் பயிலும் நண்பர்களும் தமிழ் பயிலும் நண்பர்களும் ஒன்றுசேர்ந்தால் ஒரு மாலைப்பொழுது போதும்.

மூன்றாவது மிக எளிது, செலவே இல்லாதது. விடுதியில் பருத்த தோழனை "தொந்தி" என்றும் "குண்டன்" என்றும் அழைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுவோம். கேலிக்கு அஞ்சியவன் அளவுநாடாவுக்கும் அஞ்சுவான், மருத்துவருக்கும் அஞ்சுவான். அவனை மாலையில் நம்மோடு நடக்க அழைப்போம். வாரத்துக்கு 150 நிமிட விறுவிறுப்பான நடை போதும் என்கிறது மருத்துவ உலகம். நாளொன்றுக்கு அரை மணிகூட ஆகாது.

கொழுப்பு தன் இடத்தில் இருக்கட்டும். பழி எவர்மேலும் விழாதிருக்கட்டும். நோயை நோயென்று அழைக்கும் துணிவு முதலில் நமக்கு வரட்டும். அத்துணிவு நம்மிடமிருந்து நம் வீட்டுத் திண்ணைக்குச் செல்வதாக!